புகை போகட்டும், கடன் யார் தலையில்?

மதுரை மாநகரின் காற்று தூய்மையாக வேண்டும் என்கிறார்கள். வேண்டும். மீனாட்சி கோயில் கோபுரங்களில் கரி படியக் கூடாது என்கிறார்கள். கூடாதுதான். வெளிநாட்டிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வருகிற சுற்றுலாப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாசி வீதியைக் கடக்கும் நிலை மாற வேண்டும் என்கிறார்கள். அதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். பெரியார் பஸ் நிலையத்து வாசலில் காலை ஐந்து மணிக்கு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, இரவு பத்து மணி வரை அந்தப் புகையையே உண்டு உயிர் வாழ்கிறாரே ஒரு தோழர் - கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறாரே ஒரு லோடுமேன் - விளக்குத்தூண் பக்கம் நடைபாதையில் ஜாக்கெட் துணி விற்கிறாரே ஒரு தாய் - அவர்களுடைய நெஞ்சு நெஞ்சல்லவா? அந்த நெஞ்சுக்குள் போகிற புகையைப் பற்றி எந்தச் சுற்றுலாத் திட்ட ஏட்டிலாவது ஒரு வரி உண்டா?

புகையில்லாப் போக்குவரத்து! அழகான சொல். மின்சார பஸ், மின்சார ஆட்டோ, கோயிலைச் சுற்றி வண்டி நுழையாத வீதி, நகருக்கு வெளியே கார் நிறுத்துமிடம், அகன்ற நடைபாதை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இவற்றில் எதையும் நாம் எதிர்க்கவில்லை. பலவற்றை நாமே கேட்டு வாங்க வேண்டும் என்கிறோம். நாம் எழுப்புகிற கேள்வி ஒன்றே ஒன்று. இந்த மாற்றத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படப் போகிறது? அரசாங்கத்தின் கணக்கிலா, ஆட்டோக்காரரின் கடன் நோட்டிலா?

இதற்குள் போவதற்கு முன், மதுரை எப்படிப்பட்ட ஊர் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நடப்பவனுக்காகக் கட்டிய ஊர் அது. நடுவே கோயில். அதைச் சுற்றிச் சதுரமாகச் சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆடி வீதியைப் போலவே மாதப் பெயர் தாங்கிய ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. மாசி வீதியிலிருந்து கோயில் வாசலுக்குச் சில நிமிட நடை. இந்த வீதிகளை வகுத்தவர்கள் மனதில் இருந்தது மனிதக் கால், மாட்டு வண்டி, பல்லக்கு, தேர். கார் இல்லை, குட்டியானை லாரியும் இல்லை.

அதற்கு அப்பால் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் ஈடுபட்ட சர்வேயர் மாரட்டின் பெயரில் ஒரு வீதி. பெருமாள் மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதி. கலெக்டருக்கு விளக்குத்தூண். ஒரு மேஸ்திரியின் பெயரை நகரத்தின் முக்கிய வீதிக்கு வைத்திருக்கிற ஊர் நாட்டில் எத்தனை இருக்கும்! மதுரைக்காரர் அதற்காகப் பெருமைப்படலாம். கூடை கூடையாக மண் சுமந்து அகழியை மூடியவர்கள் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை.

அன்று நகரம் நெருக்கடிப்பட்டபோது இடிப்பதற்கு ஒரு கோட்டை இருந்தது. இன்று நெருக்கடி வந்திருக்கிறது. இடிப்பதற்கு என்ன இருக்கிறது? வீடும் கடையும்தான். ஆகவே வீதியை அகலப்படுத்திக் காருக்கு இடம் தேடலாம் என்ற பேச்சு, மாசி வீதி வியாபாரியையும் அவரிடம் வேலை பார்க்கும் பத்துப் பேரையும் வெளியே தள்ளலாம் என்ற பேச்சுத்தான். கணக்கை எளிதாகப் பார்ப்போம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறுகிறார்கள். அந்த ஐம்பது பேரும் காருக்கு இருவராக வந்தால் 25 கார். முட்டி மோதி வரிசையாக நிறுத்தினாலும் நூறு மீட்டர் நீளம் போய்விடும். பஸ்ஸோ பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். கார்கள் அனைத்தும் மின்சாரத்தில் ஓடினாலும் இந்த நூறு மீட்டர் நூறு மீட்டர்தான். புகை போகும், நெரிசல் போகாது. இதைத்தான் மின்சார மோகத்தில் மிதப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எனவே மதுரையின் புகையில்லாப் போக்குவரத்துக்கு முதல் பெயர் பஸ். அதற்கும் முன்னே, நடை.

பஸ்ஸுக்கும் மதுரைக்கும் உள்ள உறவு பழையது. டி.வி.எஸ். பஸ்களை வைத்துக் கடிகாரத்தில் நேரம் சரிபார்த்தோம் என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, தமிழ்நாட்டுச் சாலைகளில் அடுப்புக்கரியை எரித்து எடுத்த வாயுவில் பஸ் ஓடியது. பின்புறத்தில் உலை போன்ற ஒரு கொப்பரை. விடிவதற்குள் கரியைப் போட்டு, காற்றூதி, கிளறி, கண் எரிய நின்று வண்டியைக் கிளப்ப வேண்டும். எரிபொருள் மாறியது, மாறியதன் சுமையைக் கிளீனரின் கண் சுமந்தது. பிறகு டீசல் வந்தது. 1972-இல் தனியார் பஸ்கள் பொதுவுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தொழிலாளிக்கு நிரந்தர வேலை, பென்ஷன் என்ற பேச்செல்லாம் அதன் பின்னரே வந்தது. இப்போது மறுபடியும் எரிபொருள் மாறப் போகிறது. இந்த முறை சுமை யாருக்கு?

2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காற்றைத் தூய்மையாக்கும் திட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. ஆனால் திருப்பரங்குன்றத்திலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் நகருக்குள் வேலைக்கு வருகிற ஒரு பெண், ஷேர் ஆட்டோவை விட்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் புகை குறைகிறதா இல்லையா? சுற்றுச்சூழல் மாநாடுகளில் பேசுவோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? கட்டணம் இல்லை என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. பஸ் வர வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, அடுத்த வேலைக்கு நேரமாயிற்றே என்று காசு கொடுத்து ஷேர் ஆட்டோ ஏறுகிறவரிடம் போய்ப் புகையில்லா நகரத்தின் பெருமையைப் பேசிப் பயன் என்ன?

இந்த இடத்தில் மெட்ரோ ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கோயிலை ஒட்டிய பழைய நகரில் நிலத்துக்கு அடியில். செலவு 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இப்படி ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அனுப்பியது. 2025 நவம்பரில் டில்லி அதைத் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம். மதுரைக்கு இன்றுள்ள பயணிகள் கணக்குக்குத் தனிப்பாதைப் பஸ்ஸே பொருந்துமாம்.

ஆக்ராவில் மெட்ரோ ஓடுகிறது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். தாஜ்மகாலுக்குப் பக்கத்திலேயே, நிலத்துக்கு அடியிலேயே போகிறது. 2011 கணக்கெடுப்பில் ஆக்ராவும் 20 லட்சத்தை எட்டாத நகரந்தான். ஷாஜகான் எழுப்பிய தாஜுக்கு ஒரு தராசு, திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு தராசா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்டோம், கேட்போம். ஆனால் அதோடு நின்றுவிட நாம் தயாரில்லை. பஸ்ஸே போதும் என்று டில்லி எழுதியிருக்கிறதல்லவா? சரி, அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்வோம். பஸ் போதும் என்றால் பஸ்ஸுக்குப் பணம் எங்கே? தனிப்பாதைக்குப் பணம் எங்கே? ரயில் கேட்டவனிடம் பஸ் போதும் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸும் கொடுக்காமல் கதவை அடைப்பது திட்டக் கொள்கை ஆகுமா? மெட்ரோ வருகிறபோது வரட்டும். கோப்பு போய்த் திரும்பி, மறுபடி போய், சுரங்கம் தோண்டி முடிகிற வரையில் மதுரைத் தொழிலாளி மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியாது.

மின்சார பஸ்ஸைப் பற்றி ஒரு செய்தியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் 2025 ஜூன் மாதக் கடைசியில் அவை ஓடத் தொடங்கின. நல்ல வண்டிகள், தாழ்வான படி, முதியவர் சிரமமின்றி ஏறலாம். ஆனால் அந்த ஏற்பாட்டில் கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஓட்டுநர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். ஒரே பஸ், ஒரே பாதை, இரண்டு எஜமானர்கள், இரண்டு சம்பளப் பட்டியல்! 1972-இல் மூடிய கதவு மின்சாரத்தின் பெயரால் மெல்லத் திறக்கிறது. மதுரைக்கு மின்சார பஸ் வரும்போது, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கை கழகத் தொழிலாளியின் கையாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சினைப் பழுது பார்த்த ஒர்க்‌ஷாப் தோழருக்கு மோட்டாரும் பாட்டரியும் பழுது பார்க்கக் கற்றுத்தர வேண்டும். எஞ்சின் போயிற்று, மெக்கானிக்கும் போகட்டும் என்று சொல்ல விடக்கூடாது.

இனி ஆட்டோ. இதுதான் முள் தைக்கிற இடம்.

கோயிலைச் சுற்றி இன்னின்ன வீதிகளில் பெட்ரோல், டீசல் வண்டி நுழையக் கூடாது என்று ஒரு நாள் ஆணை வரும். வரத்தான் செய்யும்; வருவதில் தவறும் இல்லை. சித்திரை வீதிகளில் வண்டி ஓடாததால் யாருக்கும் குடி முழுகவில்லை. குழந்தைகள் பயமின்றி ஓடுகின்றன. அந்த எல்லையை மாசி வீதி வரை நீட்டினால் ஆட்டோக்காரர் என்ன செய்வார்? மின்சார ஆட்டோ வாங்கு என்பார்கள். பழைய வண்டியின் தவணையே முடிந்திருக்காது. புது வண்டியின் விலை அதிகம். ஃபைனான்ஸ்காரர் சிரித்த முகத்தோடு காத்திருப்பார். பாட்டரியை ஏற்ற மணிக்கணக்கில் வண்டியை நிறுத்த வேண்டும். நிற்கும் நேரமெல்லாம் சவாரி இல்லாத நேரம். சில ஆண்டுகளில் பாட்டரி தேய்ந்தால் ஒரு பெருந்தொகையைப் புரட்ட வேண்டும். டீசல் விற்றவரின் லாபம் போய், வட்டிக்கு விட்டவரின் லாபம் வந்தது என்று முடிந்தால், காற்றில் கலந்த விஷம் குறைந்து கஞ்சியில் கலந்த விஷம் கூடியது என்றுதான் பொருள்.

கற்பனையில் பயமுறுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். டில்லியில் நடந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் டில்லி பஸ்களையும் ஆட்டோக்களையும் இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. நல்ல ஆணை. கரும்புகை குறைந்தது, பிறகு கார்கள் பெருகி அந்த நன்மையைத் தின்றது தனிக் கதை. ஆனால் 2001-லும் 2002-லும் அந்த எரிவாயுவுக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றவர்கள் யார்? ஆட்டோ ஓட்டுநர்கள். அவர்களில் பலர் புது வண்டிக்கு வட்டிக்காரரிடம் பெர்மிட்டை அடகு வைத்து, சொந்த வண்டிக்காரர் என்ற நிலையிலிருந்து வாடகை வண்டிக்காரர் என்ற நிலைக்கு இறங்கினார்கள்.

ஆக்ராவில் வேறொன்று நடந்தது. தாஜ்மகாலின் வெண்பளிங்கு மஞ்சளிக்கிறது என்று வழக்கு. 1996 டிசம்பர் 30-இல் தீர்ப்பு. கரி எரித்த 292 தொழிற்சாலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் தாஜ் மண்டலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. ஆலை இடம் மாறினால் தொழிலாளிக்கு வேலைத் தொடர்ச்சி உண்டு. மூடிய நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு முழுச் சம்பளம் உண்டு. இடம் பெயர்வதற்காக ஓராண்டுச் சம்பளம் தனியே உண்டு என்று அதே தீர்ப்பில் எழுதியது. எழுதியது அத்தனையும் தொழிலாளி கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு வழக்கு. ஆனாலும், காற்றைக் காக்கிற ஆணையில் கூலியைக் காக்கிற வரியும் இருக்க வேண்டும் என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வரி இல்லாத எந்த ஆணையையும் மதுரையில் அரைகுறை ஆணை என்றே நாம் சொல்வோம்.

டில்லிக்கும் ஆக்ராவுக்கும் போவானேன்? நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷாவை 1973-இல் தமிழ்நாட்டில் ஒழித்தார்கள். அப்போது மு. கருணாநிதி முதல்வர். கைரிக்‌ஷா இனி ஓடக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டு, நீ போய்க் கடன் வாங்கிக்கொள் என்று இழுத்தவரிடம் சொன்னார்களா? இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவை அரசே கொடுத்தது. பழைய வண்டி போனது. புதிய வண்டி வந்தது. நடுவில் வட்டிக்காரர் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இன்றைய வருமானத்தில் சிறு பங்குகூட இல்லாத ஒரு சர்க்காரால் அது முடிந்தது. இன்று ஏன் முடியாது?

இலவசமாகத்தான் வேண்டும் என்று நாம் அடம் பிடிக்கவில்லை. பழைய வண்டியை நியாய விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும். மீதிக்குக் கூட்டுறவு வங்கி குறைந்த வட்டியில் கடன் தரட்டும். பாட்டரியை அரசுக் கழகமே சொந்தமாக வைத்துக்கொண்டு, ஸ்டாண்டிலேயே தீர்ந்ததைக் கழற்றி நிறைந்ததை மாட்டித் தரட்டும். காத்திருக்கும் நேரமும் மிச்சம், பாட்டரி தேயும் கவலையும் மிச்சம். பெர்மிட் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். ஷேர் ஆட்டோ பஸ்ஸோடு போட்டி போட்டு ஒரே சாலையில் ஓடாமல், பஸ் நுழைய முடியாத தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஆள் கொண்டுவரும் வண்டியாகட்டும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, தூத்துக்குடியில் நிலக்கரியை எரித்துத்தானே என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். உண்மை, மதுரைப் புகையைத் தூத்துக்குடிக்கு அனுப்புவது தீர்வாகாது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிற காற்றையும் மின்சாரமாக்குகிற மாநிலம் இது. டீசலைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது, மின்சாரத்தை எடுக்கலாம். இந்த வாதத்தை இத்தோடு விடுவோம்.

லோடுமேன்களையும் நடைபாதை வியாபாரிகளையும் விட்டுவிட்டுத் திட்டம் தீட்டுவது வழக்கமாகிவிட்டது. பகலில் மாசி வீதிகளுக்குள் சரக்கு லாரி வரக் கூடாது என்றால், மூட்டை இரவில் இறங்கும். இரவு வேலைக்கு இரவுக் கூலி யார் தருவது? அதை இப்போதே பேசி முடிக்க வேண்டும். 2016-இல் மதுரை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டமும் 2025 மார்ச்சோடு முடிந்தது. மாசி வீதிகளில் நடைபாதை போட்டார்கள். நடப்பவரை விட அதில் நிற்கிற மோட்டார் சைக்கிள்தான் அதிகம். மோட்டார் சைக்கிளை நகர்த்தத் துணியாத அதிகாரி, பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியை மட்டும் நகர்த்தத் துணிகிறார்! 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவைக் கேட்காமல் கோயில் பகுதியில் ஒரு கூடையையும் அகற்ற முடியாது என்பதை நம் தோழர்கள் வார்டு தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாசி வீதியில் தேர் ஓடும் நாளில் ஒரு கார் உள்ளே வருமா? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பல லட்சம் பேர் கால்நடையாகவே வந்து கால்நடையாகவே போகிறார்கள். தண்ணீர்ப் பந்தல் நிற்கிறது, சிறப்புப் பஸ் ஓடுகிறது, போலீஸ் நிற்கிறது, நகரம் நடக்கிறது. வண்டியை நிறுத்தினால் மதுரை முடங்கிவிடும் என்று முணுமுணுக்கும் பெரிய மனிதர்களும் அன்று வேட்டியை மடித்துக்கட்டி நடக்கத்தான் செய்கிறார்கள்.

தோழர்களே, நாம் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தோழர்கள் பத்து நாள், காலையும் மாலையும், தங்கள் பகுதிப் பஸ் நிறுத்தத்தில் நின்று, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டில் குறிக்கட்டும். ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் எத்தனை வண்டி, எத்தனை பேருக்குக் கடன் பாக்கி, மாதத் தவணை எவ்வளவு என்று சங்கத் தோழர்கள் எழுதி வாங்கட்டும். அந்த நோட்டுகளோடு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் போவோம். கணக்கோடு போனால் பதிலும் கணக்கோடு சொல்லியாக வேண்டும். பெரியார் நிலையத்திலேயே தொடங்கலாம். காலை ஐந்து மணிக்கு அங்கே நம் தோழர்கள் இருக்கிறார்கள்.